சண்டை புடிக்காத சம்மந்தி

புதுசா ஆசுபத்திரி வோட்டுக்கு வந்திரிக்கிற புள்ளைகளே, உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இரிக்கு. கண்ணுக்கு அடிக்கிற சின்ன டோச்ச பொக்கட்டுல குத்தி, சத்தம் வராத சப்பாத்தும் போட்டு வாறீங்க. நான் வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு செருப்புட வாரு அறுந்து போச்சி. ஒரு கால இழுத்து இழுத்துத்தான் வோட்டுக்குள்ள நடந்தன். எதிர்ல வந்த டொக்டர் என்ட காலப் பாத்தாரு, முகத்தப் பாத்தாரு, "எந்தப் பெட்டும்மா நீங்க, ஏன் ஒழும்பி வந்தீங்க?" எண்டு கேட்டாரு. பாரிசவாதக்காரி எண்டு நெனச்சிட்டாரு பாவம்.

நான் உங்கள மாதிரி நேர்ஸ் மிஸ் இல்ல, அட்டென்டன். ட்ரொலி தள்ளினன், பெட்பேன் எடுத்தன், ஆக்களப் புரட்டிப் போட்டன். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போட சரி. அதுலயும் வகுப்புக்குள்ள குந்தினத விட வெளிய முட்டுக்கால்ல நிண்டதுதான் கூட. இலக்கம் வாசிப்பன், என்ட பேர எழுதுவன், அவ்வளவுதான். ஆனா மண்டையில அடிபட்டு வந்த ஆக்களுக்குப் பக்கத்துல முப்பது வருசத்துக்குக் கிட்ட நிண்டிரிக்கன்.

மண்டை தெளிவா இரிக்கா எண்டு பாக்க கண்ணுக்கு இத்தின புள்ளி, வாய்க்கு இத்தின, கை காலுக்கு இத்தின, எல்லாம் சரியெண்டா பதினைஞ்சி. இந்தக் கணக்க நான் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவல்ல. பதினைஞ்சி எண்டு நோயாளிட டிக்கட்டுல எழுதியிரிக்கக்குள்ளயே ஒரு பொம்புள மவுத்துக்கு ரெண்டு மணித்தியாலம் கிட்டப் போய் நிண்டா. அந்தக் கதையத்தான் சொல்லப் போறன். அந்தப் பதினைஞ்சப் போடச் சொன்னவ நான்தான்.

அதுக்கு முதல் ஒரு சின்னக் கதை. அது இல்லாட்டி இது வெளங்கா.

எங்கட வோட்டுல மிஸ்மாருக்கெல்லாம் மேல ஒரு சிஸ்டர் இரிந்தா. பாண்டிருப்புக்காரி. சிரிக்க மாட்டா. நான் பகிடி விட்டா சுவரப் பாத்துட்டு நிப்பா, மறுகா ஸ்டோர் அறைக்குள்ள போய்த் தனியச் சிரிப்பா. நான் கதவுக்கு அங்கால நிண்டு கேட்டிரிக்கன்.

ஒரு நாள் வரிப்பத்தான்சேனையில இரிந்து ஒரு வெள்ளாமைக்காரரக் கொண்டு வந்தாங்க. உழவு மெசின் பெட்டியில இரிந்து விழுந்து மண்டையில அடி. சின்ன டொக்டர் ஒருத்தர் கேள்வி கேட்டாரு.

"இண்டைக்கு என்ன திகதி?"

"தெரியா சேர்."

"எந்த மாசம்?"

"அதுவும் உங்களுக்குத்தான் தெரியும் சேர்."

"இது எந்த இடம் எண்டாவது தெரியுமா?"

"இரிக்க ஏலாத இடம் சேர்."

டொக்டர் அறிவு தடுமாறியிரிக்கு எண்டு எழுதப் போனாரு. சிஸ்டர் கிட்ட வந்து, "ஐயா, வெள்ளாம எப்பிடிக் கெடக்கு?" எண்டு மெதுவாக் கேட்டா. மனிசன் கட்டில்ல எழும்பிக் குந்திட்டாரு. "குடலையில நிக்கிது புள்ள, கதிர் வரப் போகுது. வியாழக்கிழம தண்ணி விடுவாங்க. நாளைக்கு ஒரு நாள்தான் இரிக்கு. வாய்க்கால்ல மண் அடைச்சிக் கெடக்கு. என்ட மச்சான் அத வெட்டினானா எண்டு ஒருக்காப் போன் போட்டுக் கேளுங்க. அவன் வெட்ட மாட்டான், வெட்டினன் எண்டு சொல்லுவான். எத்தின முழம் வெட்டினாய் எண்டு கேளுங்க."

அண்டைக்குச் செவ்வாய்க்கிழம. மனிசன் நாளும் கிழமையும் சரியாத்தான் வெச்சிரிந்தாரு. கலண்டர்ல வெக்கல்ல, வயல்ல வெச்சிரிந்தாரு. அவர் மூணாம் நாள் வீட்டுக்குப் போயிட்டாரு, மச்சானுக்கு ஏசிட்டே போனாரு.

பிழையாப் பதில் சொன்ன மனிசன் சுகமா இரிந்தாரு. இனிச் சரியாப் பதில் சொன்னவட கதை.

அவ என்ட சம்மந்தி. என்ட மூத்த மகள்ட மாப்பிள்ளையப் பெத்த உம்மா. மருதமுனையில தறி போட்டுச் சாரன் நெய்றவ. எங்கட பக்கத்துல கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளதானே பொண்ணூட்டுக்கு வாறது? அவட ஒரே மகன் இருபது வருசமா எங்கட வளவுலதான் இரிக்காரு, எங்கட கைச் சோறுதான் திங்கிறாரு. அது அவக்கு நெஞ்சில குத்தின மீன் முள்ளு. எங்கட வீட்டுக்கு வந்தா முதல்ல மகனப் பாக்க மாட்டா, ஆணச் சட்டியத் திறந்து குழம்பு தடிப்பா இரிக்கா எண்டு பாப்பா.

"மச்சி, உங்கட ஆணத்துல மீன் இன்னும் நீந்துது."

நான் சும்மா இரிப்பனா? "ஓம் மச்சி, உங்கட மகன் வல போட்டுப் புடிச்சித்தான் திங்கிறாரு."

இருபது வருசத்துல நான் சொன்ன ஒரு கதைக்கு அவ ஓம் எண்டதில்ல. பிறை கண்டாச்சி எண்டு நான் சொன்னாலும், "எங்க, காட்டுங்க பாப்பம்" எண்டு வாசலுக்கு இறங்குவா.

ஒரு நாள் காலையில மகன்ட மோட்டச்சைக்கிள்ள பின்னால இரிந்து வரக்குள்ள அபாயாட நுனி சில்லுல சுத்திட்டு. ரோட்டுல விழுந்துட்டா. தலையில இடப்பக்கம் அடி. எங்கட வோட்டுக்கே கொண்டு வந்தாங்க, பன்னிரெண்டாம் பெட்டு. வரக்குள்ள நல்லாத்தான் கதைச்சா. இந்தக் கட்டில் வேணா, காத்துப் பேனுக்குக் கீழ உள்ளதத் தாங்க எண்டு மிஸ்மாரோட சண்டை. என்னக் கண்டதும், "நீங்களா இந்த வோட்டக் கூட்டுற? அதுதான் இந்தக் கோலம்" எண்டா. நான் சந்தோசப்பட்டுட்டன். வாய் இந்த மாதிரி வேல செஞ்சா மண்டைக்கு ஒண்டும் இல்ல எண்டு நெனச்சன். டொக்டரும் பாத்துட்டு, "மணிக்கொருக்காப் பாருங்க, ஏதும் மாறினா உடன சொல்லுங்க" எண்டு சொல்லிட்டுப் போனாரு.

லுஹர் தொழுக தாண்டி ரெண்டு மணி இரிக்கும். அப்ப புதுசா வந்த சின்ன மிஸ் ஒண்டு, உங்கள மாதிரித்தான், டிக்கட்டத் தூக்கிட்டு வந்திச்சி. நான் பக்கத்துல கட்டில் விரிச்சிட்டு நிண்டன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா."

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

"இப்ப எப்பிடி?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"தலையிடி இரிக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"கையத் தூக்குங்க பாப்பம்" எண்டு மிஸ் தன்ட கையத் தூக்கிக் காட்டிச்சி. அவவும் ஒரு கையத் தூக்கினா. எந்தக் கை எண்டு மிஸ்ஸும் பாக்கல்ல, நானும் பாக்கல்ல.

"உங்கட பேர் என்ன உம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

அந்தப் புள்ளக்கு ஒரு சந்தேகம் வந்திச்சி. அதை நான் மறைக்க மாட்டன், வந்திச்சி. என்ட பக்கம் திரும்பி, "ராத்தா, பேரக் கேட்டாச் சொல்றாவில்லயே. திருப்பி ஒருக்காக் கேப்பமா?" எண்டு கேட்டிச்சி.

நான் என்ன சொன்னன் தெரியுமா? "போங்க மிஸ், இது என்ட சம்மந்தி. அவட பேர் உங்கட கையில உள்ள டிக்கட்டுலயே இரிக்கே. சலாத்துக்குப் பதில் சொல்றா, அல்லாஹ்வப் புகழுறா. இதுக்கு மேல என்ன வேணும்? களைச்சிக் கெடக்கா, விடுங்க. காலையில எழுதினதையே எழுதுங்க."

புள்ள எழுதிட்டுப் போயிட்டு. மூத்த ராத்தா சொல்றா, அதுவும் சொந்தக்காரி, நம்பாம என்ன செய்யும்?

உள்ளதச் சொன்னா, அவ சத்தம் போடாமக் கெடந்தது எனக்குச் சுகமா இரிந்திச்சி. இருபது வருசத்துல கெடச்ச முதல் லீவு.

மூணு மணி போல எனக்கு வேல கொறஞ்சிட்டு. சும்மா இரிக்க என்ட வாய்க்குத் தெரியா. அவட கட்டிலுக்கிட்டப் போய்க் குந்தி, "மச்சி, இண்டைக்கு உங்கட மகனுக்கு நெத்தலி ஆணம் வெச்சிரிக்கு. நல்லாத் தண்ணி ஊத்தி" எண்டன்.

"அல்ஹம்துலில்லாஹ்."

சிரிச்சிட்டன். அடி பட்டதுல ஆளுக்குப் புத்தி வந்துட்டு எண்டு நெனச்சன். ஒரு படி கூட்டிப் பாப்பம் எண்டு, "மச்சி, மருதமுனைச் சாரன் ரெண்டு தோய்ச்சலுக்கும் நிக்காதாமே? கடையில சனம் கதைக்கிறாங்க" எண்டன்.

அந்தக் கதைய முந்தி ஒரு கடைக்காரன் அவட முகத்துக்கு நேர சொன்னவன். அவன்ட கடையில இரிந்த சாரனெல்லாத்தையும் விரிச்சிப் போட்டு, இது இன்னாருட தறி, இந்த நூல் இப்பிடி எண்டு மத்தியானம் வரைக்கும் வகுப்பு நடத்தினவ அவ. அவன் சாப்பிடவும் போகல்ல பாவம்.

இப்ப என்னப் பாத்துச் சிரிச்சிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" எண்டா.

நான் கட்டிலுக்கு இன்னும் கிட்டக் குனிஞ்சன்.

தலகணிக்குப் பக்கத்துல அவட தஸ்பீஹ் மணி கெடந்திச்சி. எடுத்து நீட்டினன். இடக் கையால வாங்கினா. புள்ளைகளே, இடக் கையால பிஸ்கட் வாங்கினான் எண்டு என்ட பேரன்ட கையில தட்டினவ அவ. அதுலயும் சேலைன் ஊசி குத்தியிரிந்தது அந்த இடக் கையிலதான். வலிக்கிற கைய நீட்டி தஸ்பீஹ வாங்குறா, ஊசி இல்லாத வலக் கை படுக்கையில நூல் கட்டுப் போலக் கெடக்கு. நான் அதத் தூக்கி விட்டன். தொப்பெண்டு விழுந்திச்சி.

ஓடினன். மேசையில டொக்டர் எழுதிட்டு இரிந்தாரு, பக்கத்துல மிஸ்மாரு ரெண்டு பேர், அங்கால சிஸ்டர் மருந்து அலுமாரிய எண்ணிட்டு நிண்டா.

"டொக்டர், பன்னிரெண்டு சரியில்ல."

"என்ன ராத்தா, என்ன செய்யுது?"

எனக்கு உங்கட சொல்லொண்டும் தெரியாதே. வாயில வந்ததச் சொன்னன். "அவ என்னோட சண்டை புடிக்கிறாவில்ல டொக்டர்."

அவரு பேனையக் கீழ வெச்சாரு. "அது நல்ல விசயம்தானே ராத்தா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் பகிடிக்காரி எண்டு ஊருக்கே தெரியும். புலி வருது புலி வருது எண்டு பகிடிக்குச் சத்தம் போட்டவட வளவுக்குள்ள உண்மையாப் புலி வந்த மாதிரி ஆயிட்டு. டொக்டர் டிக்கட்ட எடுத்துப் பாத்தாரு. "ரெண்டு மணிக்கும் பதினைஞ்சிதானே போட்டிரிக்கு. கொஞ்சத்தால வாறன்."

அந்த இடத்துல எனக்கு ரெண்டு வழி இரிந்திச்சி. டொக்டர் வாறன் எண்டுட்டாரு, நான் போய்க் கட்டில் விரிக்கலாம். அப்பிடிச் செஞ்சா என்ட பிழ ஆருக்கும் தெரியா. அவ மவுத்தாப் போனாலும் டிக்கட்டுல பதினைஞ்சி இரிக்கும், என்ட பேர் இரிக்காது. என்ட மகளும் மருமகனும் எனக்கே ஆறுதல் சொல்லுவாங்க. இந்த எண்ணம் வந்திச்சி, மறைக்கல்ல.

மறுகா சொன்னன். "டொக்டர், அந்தப் பதினைஞ்சி என்ட வாயால வந்தது. மிஸ் திருப்பிக் கேக்கப் பாத்திச்சி, நான்தான் வேணா எண்டன். அது பிழ. அவட வலக் கை விழுது. எதக் கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு மட்டும்தான் சொல்றா. ஏசினாலும் அதுதான்."

சிரிப்பு நிண்டுட்டு. சின்ன மிஸ்ஸுட முகம் வெளிறிச்சி. எல்லாருக்கும் முன்னுக்கு சிஸ்டர்தான் நடந்தா.

சிஸ்டர் ஒரு பேனையக் காட்டினா. "இது என்னம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"மூக்கத் தொடுங்க."

சிரிச்சிட்டு இரிந்தா.

"கண்ண மூடுங்க."

முழிச்சிப் பாத்துட்டே இரிந்தா.

சிஸ்டர் டொக்டர்ட பக்கம் திரும்பி, "நான் மத்தியானத்துல இருந்து கடந்து போகக்குள்ளயெல்லாம் இந்தச் சொல்லு கேட்டிச்சி டொக்டர். ராத்தாட ஆக்கள் எல்லாரும் சொல்றதுதானே எண்டு நானும் விட்டுட்டன்" எண்டா. மறுகா எங்களப் பாத்து, "பதில் வருதா எண்டு பாக்கப்படா. கேட்டதுக்குப் பதில் வருதா எண்டு பாக்கணும். சின்ன வயசுல இருந்து சொல்லிப் பழகினது நாக்குல ஊறிக் கெடக்கும். அதுக்கு மண்டை முழிச்சிரிக்கத் தேவல்ல" எண்டா.

டொக்டர் டோச் அடிச்சிப் பாத்தாரு. ஒரு கண்ணுட மணி சுருங்கிச்சி. இடக் கண்ணுட மணி சோம்பல் புடிச்ச மாதிரி அப்பிடியே பெருசா நிண்டிச்சி. அதுக்குப் பிறகு அங்க ஆரும் நடக்கல்ல, எல்லாரும் ஓட்டம்தான். ஸ்கேன்ல மண்ட ஓட்டுக்குள்ள இடப்பக்கம் ரெத்தம் கட்டியிரிக்கு எண்டு தெரிஞ்சிச்சி. உடன அம்புலன்சுல மட்டக்களப்புக்கு ஏத்தினாங்க. மருமகன்தான் கையெழுத்து வெச்சாரு. "மாமி, உம்மாக்கு ஒண்டும் ஆகாதுதானே?" எண்டு கேட்டாரு. நான் அவரப் புடிச்சி அம்புலன்சுல ஏத்தி விட்டன்.

அம்புலன்ஸ் போனதும் சின்ன மிஸ் அழுதிச்சி. சிஸ்டர் ஏசல்ல. "ரெண்டு மணிக்குக் கண்டதும், இப்பக் கண்டதும், நேரத்தப் போட்டு உள்ளபடி எழுது. முந்தி எழுதினத அழிக்கப்படா" எண்டா. பிறகு என்னப் பாத்தா.

"ராத்தா, நீங்க இண்டைக்கு ரெண்டு வேல பாத்தீங்க. ஒண்டு கொல்ற வேல, மற்றது காப்பாத்துற வேல. நல்ல காலம், இந்த வரிசையில பாத்தீங்க."

சொல்லிட்டு ஸ்டோர் அறைக்குள்ள போனா. அண்டைக்கு உள்ளுக்க சிரிப்புச் சத்தம் கேக்கல்ல. மூக்குச் சிந்துற சத்தம்தான் கேட்டிச்சி.

மறுநாள் சுபஹு தொழுதுட்டு பாய மடிக்கக்குள்ள மருமகன்ட போன் வந்திச்சி. ஒபரேசன் முடிஞ்சி, ரெத்தம் எடுத்தாச்சி, உயிருக்குப் பயமில்ல. இன்னும் ரெண்டு மணித்தியாலம் போயிரிந்தா ஒண்டும் செய்ய ஏலாமப் போயிரிக்கும் எண்டு பெரிய டொக்டர் சொன்னாராம். நான் பாயிலயே குந்திட்டன். மகள் வந்து என்ன உம்மா எண்டு கேக்க, அழுறனா சிரிக்கிறனா எண்டு எனக்கே தெரியல்ல. அண்டைக்கு எங்கட வீட்டு ஆணம் நல்லாத் தடிப்பா வந்திச்சி. தண்ணி ஊத்த மறந்துட்டன்.

இப்ப உங்களுக்குச் சொல்றன், கேளுங்க. அல்லாஹ்வப் புகழுறது நல்ல வேலதான். அது அவனுக்குச் சொல்ற பதில், உங்கட கேள்விக்குச் சொல்ற பதில் இல்ல. எங்கட ஆக்கள் நோவுலயும் அதத்தான் சொல்லுவாங்க, நித்திரையிலயும் அதத்தான் சொல்லுவாங்க. கோயிலுக்குப் போற ஆக்களுக்கு வேற சொல்லு இரிக்கும், அதுவும் இப்பிடித்தான். அதுக்குப் பின்னால ஒரு கேள்வி கேளுங்க, சொல்லிப் பழகாத கேள்வி. நெய்றவட்ட நூலப் பத்திக் கேளுங்க, வெள்ளாமைக்காரன்ட்ட மச்சானப் பத்திக் கேளுங்க. ஆளுக்கு எதுல கோவம் வருமோ அதத் தொட்டுப் பாருங்க. கோவம் வந்தா நல்லம்.

மற்றது, சொந்தக்காரர்ட வாய நம்பி எழுதாதீங்க. என்ன மாதிரிக் கிழவி வந்து "நல்லா இரிக்கா, விடுங்க மிஸ்" எண்டா, "ஓம் ராத்தா" எண்டு மரியாதையாச் சொல்லிட்டுத் திருப்பி ஒருக்காக் கேளுங்க. அந்தச் சின்ன மிஸ்ஸுக்கு வந்த சந்தேகம் சரி. அது செஞ்ச ஒரே பிழ, என்ன நம்பினது. இப்ப அது பெரிய மிஸ். ஆர் என்ன சொன்னாலும் ரெண்டு தரம் கேக்கும். நான் சீனி வருத்தத்துக்குக் காட்டப் போனாலும், "ராத்தா, உங்கட பேர் என்ன?" எண்டு கேக்குது. குறும்பு.

பத்து நாள் போய், சம்மந்தியப் பாக்க மட்டக்களப்புக்குப் போனன். தல மொட்டை, அதுக்கு மேல கட்டு, கட்டுக்கு மேல முக்காடு. என்னக் கண்டுட்டா. வாயத் திறந்தா, சொல்லு வரல்ல. திருப்பித் திறந்தா, முகம் செவந்திச்சி, கண்ணுல தண்ணி நிண்டிச்சி. அவ்வளவு கதைச்ச வாய் அப்பிடி நிக்கிறதப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சி. அப்ப அந்த வோட்டு மிஸ் வந்து, "அம்மா, வலக் கையால என்ட விரல இறுக்குங்க பாப்பம்" எண்டா. அவ புடிச்சா. கொஞ்சம்தான் இறுகிச்சி போல, மிஸ்ஸுட முகத்துல சந்தோசம் இல்ல.

நான் என்ட கைய நீட்டினன். "என்ன மச்சி, ஈ குந்தினாப் போல இரிக்கா? மருதமுனையில தறி இழுத்த கையா இது? எங்கட பக்கத்துப் புள்ளைகள் பால் குடிக்கக்குள்ள இதவிட நல்லாப் புடிக்கும்."

என்ட முகத்தையே பாத்தா. அந்த வலக் கை மெதுவா, இழுத்து இழுத்து, படுக்கையில ஊர்ந்து வந்திச்சி. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒண்டச் சேந்து, முழங்கைக்கு மேல சதைய நல்லாத் தேடிப் புடிச்சி, ஒரு நுள்ளு நுள்ளினா பாருங்க. நான் "உம்மா!" எண்டு கத்தினதுல அடுத்த கட்டில் பொம்புள ஒழும்பிக் குந்திட்டா.

மிஸ் சிரிச்சிட்டே டிக்கட்டுல எழுதினா. என்ன எழுதினா எண்டு எனக்கு வாசிக்கத் தெரியா. பஸ்ஸுல ஏறி சட்டக் கைய உயத்திப் பாத்தன், செவந்து தடிச்சிரிந்திச்சி. கல்லாறு வரும் வரைக்கும் அதத் தடவித் தடவிச் சிரிச்சிட்டே வந்தன். பக்கத்துல இரிந்த மனிசன் பயந்து வேற சீட்டுக்கு மாறிட்டாரு.